அப்பா தங்குகடலில்... ஆட்டிசம் குழந்தையோடு கரையில் தனியாகத் தவிக்கும் அம்மா: என்ன உதவி கிடைக்கும்?

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள மீனவக் கிராமம் தருவைகுளம். இங்குள்ள விசைப்படகுகள் பல, ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவை. 2024 ஆகஸ்ட்டில் இவ்வூர் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தபோது, குடும்பங்களின் தவிப்பு செய்தியானது. செய்தியாகாத தவிப்பும் ஒன்று உண்டு. தங்குகடல் ஊர்களில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், பாரம் முழுவதும் தாயின் தோளில்தான்.

ஏன் கூடுதல் சிரமம்?

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அன்றாட ஒழுங்கு மாறினால் தாங்காது. அப்பா பல நாள் இல்லாமல், திடீரென வந்து, மறுபடி கிளம்பினால் குழந்தை அலறலாம், தூங்காமல் இருக்கலாம். இது அடம் இல்லை. அப்பா கிளம்பும் நாளில் சுவரில் படகுப் படம், வந்ததும் வீட்டுப் படம் என மாட்டி வைத்தால் குழந்தைக்குப் புரிய உதவும். திரும்பும் தேதி உறுதியில்லை என்றால் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

தாய் மேல் தப்பா?

"வளர்ப்பு சரியில்ல" என்று ஊர் சொல்லும். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, வளர்ப்பால் வருவதில்லை. பாசமில்லாத தாய்தான் காரணம் என்று மேலைநாட்டு மருத்துவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்தக் கருத்து பிறகு கைவிடப்பட்டது.

அம்மாவை யார் கவனிப்பது?

தூக்கமில்லாத இரவுகள் தொடர்ந்தால் பதற்றமும் மனச்சோர்வும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் பயிற்சியில் 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் உண்டு. அதில் பெற்றோரின் மனநலமும் ஒரு பாடம். சிறப்பு மருத்துவர் இல்லாத ஊரிலும் பயிற்சி பெற்றவர்கள் இதை நடத்தலாம். மனசு தாங்கலன்னா 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அரசு உதவி என்னென்ன?

அங்கன்வாடி, அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொன்னால், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் பெற்றால் யூடிஐடி அட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா காப்பீடும் பெறலாம். தெரப்பி செலவும் இதில் அடங்கும்.

எங்கே ஓட்டை?

மத்திய அரசு ஊழியரான தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் வரை உண்டு. பங்குக்குக் கடலுக்குப் போகிறவரின் குடும்பத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. மருத்துவமனைக்கு அலையும் ஒவ்வொரு நாளும் செலவுதான். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கலாம் என்று 2016 சட்டத்தின் 24வது பிரிவே சொல்கிறது. அதைக் கேட்டுப் பெற, முதலில் சான்றிதழ் கையில் இருக்கணும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றாலும் அப்பா வீட்டில் இருக்கும் காலம் அது. பரிசோதனை, சான்றிதழ் வேலைகளை அப்போது இருவருமாகச் சேர்ந்து முடிக்கலாம். அதோடு, வாரத்தில் சில இரவாவது குழந்தையை அப்பா பார்த்துக்கொண்டால் அம்மா நிம்மதியாகத் தூங்குவார். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.