சம்மாட்டியாருக்கு அரிச்சுவடி வேண்டாம்

இந்த வாரக் கோபம் ஒரு சுவரொட்டி மேல். ஒக்டோபர் 29 உலக பாரிசவாத தினமாம். மருந்துக்கடைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்கிறது. நல்ல சேதிதான். அதை எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அச்சடித்தவரை என்ன செய்வது? "மறுபடியும் எழுத்தளவா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, விடுகிறேன். தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு எப்படி வாசிக்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் எரிச்சல்.

உடப்பில் எனக்குத் தெரிந்த கரைவலைச் சம்மாட்டியார் ஒருவர். மூளையின் இடது பக்கம் அடிபட்டதில் வலது கை விழுந்தது. மொழியும் கூடவே குலைந்தது. டொக்டர்மார் இதை அஃபேசியா என்பார்கள். மகள் பாசத்தோடு பேரனின் அரிச்சுவடியை விரித்தாள். மனுசன் இடது கையால் அதைத் தள்ளிவிட்டுப் பேப்பரைக் காட்டினார். மரண அறிவித்தல் பக்கம். படத்தைப் பார்த்தார், பெயரில் விரல் வைத்தார், ஊரில் வைத்தார், பிறகு வாசலைக் காட்டினார்: செத்தவீட்டுக்குப் போகவேணும். நீள வசனங்கள் அவருக்கு ஏறவில்லை. ஏறாமலே விசயம் விளங்கிவிட்டது.

துண்டுக் கடதாசியில் 'சாளை' என்று எழுதி நீட்டினேன். "கீரி" என்றார். இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்தும் இல்லை. இரண்டும் கரைவலையில் வருகிற மீன். எழுத்துக்கூட்டும் வழி அடைபட்டு, பொருள் வழியாகவே வாசிக்கிறவர்களுக்கு இப்படிப் பக்கத்துச் சொல் வாயில் வந்துவிடும். மார்ஷல், நியூகோம் என்ற இருவர் 1973 இல் இதை விரிவாக எழுதினார்கள். 'ஆனால்', 'அல்லது' போன்ற சொற்களில் இப்படி வாசிக்கிறவர்கள் இன்னும் மோசமாகத் தடுக்குவார்கள்.

இங்கே ஹவார்ட் எங்கலைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. என் துப்பறியும் நாவல் பைத்தியம் உங்களுக்குப் புதிதில்லையே. கனடாத் துப்பறியும் நாவலாசிரியர். அவருக்கும் பாரிசவாதம்; 2001 இல் ஒரு காலை பேப்பரை எடுத்தால், எழுத்தெல்லாம் ஏதோ அந்நிய மொழி. அவருடையது வேறு வகை: பேசுவார், எழுதுவார், எழுதியதைத் தானே வாசிக்க முடியாது. விட்டாரா? நாக்கு நுனியால் பல்லின் பின்புறம் எழுத்தின் வடிவத்தை வரைந்து வரைந்து வாசித்தார். 2005 இல் 'மெமரி புக்' நாவலே வெளியிட்டார். அதில் தலையில் அடிபட்டு வாசிப்பை இழப்பவர் யார் தெரியுமா? அவருடைய துப்பறிவாளர் பென்னி கூப்பர்மனேதான்!

நம் புத்தளம் ரயில்பாதை பிரிகிற ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுகிறார்கள். சிகிச்சை அவர்கள் வேலை. நோயாளி பார்க்கப் போகிற நமக்கும் வேலை உண்டு. ஹோர்லிக்ஸ் போத்தலோடு அன்றைய பேப்பரையும் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருந்து ஆறுதலாக வாசியுங்கள், அவர் கண் தொடரட்டும். சாளையைக் கீரி என்றால் திருத்தப் பாயாதீர்கள். சந்தையில் கிலோ என்ன விலை என்று எழுதிக் காட்டுங்கள். அநியாய விலை என்றால் சம்மாட்டியாரின் முகமே ஏசும்.