எந்த மாதம் நல்லது என்று யாரைக் கேட்கிறீர்கள்?



பாரீஸில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் நார்வே ஃபியோர்டு கப்பல் பயணத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். குடும்ப குரூப்பில் ஒரு வாரமாக ஒரே கேள்விதான்: "மே மாதம் போகலாமா, செப்டம்பரா? எந்தக் கப்பல் நல்லது?" நல்லது, போய் வாருங்கள். வாத்தியாராக இருந்தவன், பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் கேள்வியே பாதிதான் என்பது என் வாதம்.

முதலில் கேட்ட பாதிக்குப் பதில். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். மே, ஜூனில் மலைப் பனி உருகி அருவிகள் நிறைந்து கொட்டும். ஹார்டங்கர் பக்கம் ஆப்பிள் தோட்டங்கள் பூப்பது மே மாதம். வடகோடி முனையில் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் மறைவதில்லை. செப்டம்பரில் இலைகள் நிறம் மாறும், மழையும் கூடும். வானத்தில் பச்சை ஒளி பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை வடக்கே போக வேண்டும். எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். என்னைக் கேட்டால் ஜூன் முதல் பாதி.

இனி, நீங்கள் கேட்காத பாதி. கெய்ராங்கர் என்ற ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்கள் சில நூறு பேர். கோடையில் அங்கே கப்பலில் வந்து இறங்குபவர்கள் லட்சக்கணக்கில். இரண்டு பக்கமும் செங்குத்து மலை, நடுவே ஒடுங்கிய நீர். காற்று அசையாத நாளில் கப்பல் புகை வெளியே போக வழியில்லாமல் ஊரின் மேலேயே நிற்கும். அந்த ஃபியோர்டு 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம்! உங்களுக்கு எது நல்ல மாதமோ, அதுவே அவர்கள் இருமும் மாதம்.

நார்வேக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளில் கப்பல் புகைக்கும் கழிவுநீருக்கும் 2019 முதல் கடும் விதிகள் போட்டார்கள். 2026-க்குள் அங்கே புகையில்லாத கப்பல்தான் ஓட வேண்டும் என்று 2018-லேயே அவர்கள் நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. பெரிய கப்பல்களுக்குப் பிறகு 2032 வரை தவணை கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயும் வியாபாரிகளின் கை நீளம்தான். ஆனாலும் எழுதி வைத்த விதி ஒன்று இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது. பெர்கன் நகரம் கப்பலில் வருபவர்கள் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது.

நம் ஊருக்கு வருவோம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கோர்டிலியா சொகுசுக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. அன்று பேசியதெல்லாம் சூதாட்டம், கலாச்சாரம். 2025 ஜூலையில் அதே கப்பல் வந்து கடலில் நின்றது, பயணிகள் படகில் கரைக்கு வந்தார்கள். அப்போதும் அதே பேச்சுதான். ஒரு தகவல் சொல்கிறேன். அந்தக் கப்பல் 1990-இல் பிரான்சின் சென்-நசேரில் கட்டப்பட்டது, முதலில் அதன் பெயர் 'நோர்டிக் எம்ப்ரஸ்'. பிரெஞ்சுக்காரன் கட்டிய கப்பல், வடநாட்டுப் பெயரோடு பிறந்து, நம் கடற்கரைக்கு எதிரே வந்து நிற்கிறது. நிற்கட்டும். அதன் கழிவுநீர் எங்கே போகிறது? ஒரு வருடத்துக்கு எத்தனை முறை வரலாம்? எந்த மாதத்தில் வரக்கூடாது? இதை எத்தனை பேர் கேட்டோம்?

நம் கடலுக்கும் ஒரு காலண்டர் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் விசைப்படகைக் கட்டிப் போட்டுக் காத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தானே 2011 டிசம்பரில் வந்தது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசியில் வந்தது. மீனவர் இந்தக் காலண்டருக்கு அடங்குகிறார். சொகுசுக் கப்பல் மட்டும் ஏன் டிக்கெட் விற்பனைக் காலண்டரைப் பார்க்க வேண்டும்?

"சார், அது ஒடுங்கின ஃபியோர்டு, இது திறந்த வங்கக்கடல், புகை நிற்காது" என்பீர்கள். சரிதான், புகை நிற்காது. ஆனால் 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டினோம். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து, மணல் இருந்த இடத்தில் பாறாங்கல் வந்தது. கடலைக் கேட்காமல் செய்த வேலைக்கு நாம் கொடுத்த விலை அது. நாளைக்குப் பெரிய கப்பலுக்காக இன்னும் ஆழப்படுத்துவோம், இன்னும் கல் போடுவோம் என்று யாராவது வந்தால், அந்தப் பாறாங்கல்லைக் காட்டிப் பேசுங்கள்.

"வேலைவாய்ப்பு வரும் மாமா" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. கப்பலிலேயே சாப்பிட்டு, கப்பலிலேயே தூங்கி, சில மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டுப் போகிறவர் ஆட்டோக்காரருக்கும் இட்லிக் கடைக்கும் எவ்வளவு கொடுப்பார்? இரண்டு நாள் லாட்ஜில் தங்குபவர் எவ்வளவு கொடுப்பார்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே நார்வே போகும் பிள்ளைகளே, ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றும் மிதக்கும் ஓட்டலை விடுங்கள். 1893-இல் தொடங்கி, இப்போது பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை ஓடும் கடலோரக் கப்பல் சேவை இருக்கிறது, உள்ளூர்க்காரர்களும் சரக்கும் போகிற வழி அது. ஃபிளாமிலிருந்து குட்வாங்கன் வரை 2018 முதல் பேட்டரியில் ஓடும் படகு இருக்கிறது. அதில் ஏறுங்கள், ஊரில் தங்குங்கள், அங்கே சாப்பிடுங்கள். திரும்பி வந்து, அங்கே பார்த்த விதிகளை இங்கேயும் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை கப்பல், எந்த மாதம் கூடாது, கழிவு எங்கே என்ற மூன்றையும் அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். அதுவரை அடுத்த கப்பலுக்கு யாரும் பூங்கொத்து கொடுக்க வேண்டாம்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "அருமை சார்" என்று மட்டும் போடுபவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

உங்கள் பழைய வாத்தியார்,
கதிர்காமம், புதுச்சேரி.