வெள்ளரி விதையும் கிளினிக் கொப்பியும்



கொஞ்ச நாளாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் வெள்ளரி விதைதான் பேச்சு. காயவைத்து, பொடியாக்கி, வெறும் வயிற்றில் குடித்தால் சீனி வருத்தம் போகுமாம், கொழுப்புக் கரையுமாம், கிட்னி சுத்தமாகுமாம். இடையில் 'அன்டிஒக்சிடன்ட்' என்று ஒரு சொல். நாமும் வாசிக்கிறோம், பாதி நம்புகிறோம், நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

போன மாதம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று எட்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தால் வாப்பா ஆஸ்பத்திரியில். பொடி குடிக்கத் தொடங்கிய அன்றே கிளினிக்கில் கொடுத்த மெட்ஃபோமினை நிறுத்தியிருக்கிறார். நாற்பது நாளாகக் குளிசை இல்லை. செருப்புக் கடித்த புண் ஆறாமல், கடைசியில் கால் விரல் ஒன்றை எடுக்கவேண்டி வந்தது. அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பியவர்களில் ஆசிரியர்களாகிய நாங்களும் இருந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வெள்ளரி விதையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவரவில்லை. நல்ல எண்ணெய் இருக்கிறது, விற்றமின் ஈ இருக்கிறது, பினோலிக் சேர்வைகள் இருக்கின்றன. பூசணி விதையில் மக்னீசியமும் நாகமும் தாராளம். ஆனால் அன்டிஒக்சிடன்ட் ஆய்வுகளில் பெரும்பாலானவை எப்படி நடக்கின்றன தெரியுமா? விதைச் சாற்றை ஊதா நிறக் கரைசல் ஒன்றில் விட்டு, நிறம் எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். அது சோதனைக் குழாய்க்குள் நடப்பது. அதற்கு அடுத்த படி எலி. மனிதனுடைய குடலையும் ஈரலையும் தாண்டி அதே வேலை நடக்குமா என்பது வேறு கேள்வி.

பாகற்காயையே பாருங்கள். இந்தக் குடும்பத்தில் சீனி வருத்தத்துக்காக அதிகம் ஆராயப்பட்டது அதுதான். மனிதரில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2012இல் கொக்ரேன் குழு வெளியிட்ட மீளாய்வு, சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. பாகற்காய்ச் சுண்டல் தாராளமாகச் சாப்பிடுவோம், குளிசைக்குப் பதிலாக வேண்டாம். இன்னொன்று: வெள்ளரியோ சுரைக்காயோ வழமைக்கு மாறாகக் கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு குகுர்பிட்டசின் என்ற நஞ்சு. கசந்த சுரைக்காய்ச் சாற்றை 'மருந்துதானே' என்று குடித்து இந்தியாவில் உயிரிழந்தவர்கள் உண்டு. கிட்னி நோயாளிகள் விதைப் பொடியில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். விதைகளில் பொட்டாசியமும் பொஸ்பரசும் அதிகம். பழுதான கிட்னிக்கு அவற்றை வெளியேற்றுவது கஷ்டம்.

"றஸூலுல்லாஹ் சாப்பிட்டது, அதில் நோய் வருமா?" என்று ஒரு காக்கா கேட்டார். பேரீச்சம்பழத்தோடு வெள்ளரி சேர்த்துச் சாப்பிட்டதாக புகாரியில் வருகிறது, உண்மை. அது உணவு பற்றிய ஹதீஸ். காயைச் சாப்பிட்டார்கள், விதையை இடித்து வருத்தத்துக்குக் குடிக்கச் சொன்னதாக அதில் இல்லை. ஆயிஷா நாயகியின் உம்மா அதே இரண்டையும் கொடுத்தது மகளின் உடம்பைத் தேற்றுவதற்காக என்று அபூதாவூதில் உள்ளது. நம்மவர்களோ உடம்பு மெலிய என்று விற்கிறார்கள்!

யூனானியில் வெள்ளரி, பூசணி, வத்தகை, முலாம் விதைகள் காலாகாலமாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஹக்கீம் நாடி பார்ப்பார், வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி படித்துப் பட்டம் பெற்றவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்குக் கூச்சப்படுகிறோம், முகம் தெரியாத ஒருவரின் வொய்ஸ் மெசேஜை நம்புகிறோம்.

வெள்ளரிப்பழக் காலத்தில் சீனி போடாமல் சாப்பிடுவோம். நோன்பு திறக்கும்போது ரோல்ஸுக்கும் சமோசாவுக்கும் பக்கத்தில் ஒரு தட்டு வெள்ளரி வைப்போம். விதையோடு தின்றாலும் குற்றமில்லை. கிளினிக் கொப்பியை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டாம்.

அந்த வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பார்க்கப் போனபோது பொடிப் போத்தலில் பாதி மீதியிருந்தது. "காசு கொடுத்து வாங்கினது சேர், வீசவும் மனமில்லை" என்றார் பிள்ளையின் உம்மா. கோழிக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தோம்.