வாயு என்றொரு சொல்

நாளிதழ்களில் வரும் மறைவுச் செய்திகளை ஊன்றிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். இறந்தவர் பெரும்பாலும் 'மாரடைப்பால்' காலமாகிறார். அதே மனிதர் முந்தைய இரவு மார்பைத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் புழங்கிய சொல் வேறு. 'வாயுப் பிடிப்பு', 'கேஸ் டிரபிள்', 'செரிக்கவில்லை' என்பனவே அப்போது சொல்லப்பட்டிருக்கும். உயிரோடிருப்பவருக்கு வாயு, இறந்தவருக்கு மாரடைப்பு. பயன்படக்கூடிய பெயரைக் காலம் கடந்த பின்னரே எடுத்து வழங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது.

இத்தனைக்கும் 'மாரடைப்பு' மிக நேர்த்தியான சொல். மார் என்று இடத்தைச் சொல்கிறது. அடைப்பு என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கொழுப்புப் படிவு ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி வழியை அடைக்கிறது. அடைப்பு நீடிக்க நீடிக்க அதற்கு அப்பாலுள்ள தசை மடிந்துகொண்டே போகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியாயினும், மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை விலக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியாயினும், முதல் ஓரிரு மணி நேரத்தில் கிடைத்தால் தரும் பலனைப் பத்து மணி நேரம் கழித்துத் தருவதில்லை. 'வாயு' என்ற சொல் தின்றுவிடுவது இந்த ஓரிரு மணி நேரத்தைத்தான்.

இதில் மக்களின் அறியாமையை மட்டும் பழிப்பது நியாயமன்று. உடலே இங்கு ஏமாற்றுகிறது. இதயத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகளும், உணவுக்குழாய், இரைப்பையின் மேற்பகுதி ஆகியவற்றிலிருந்து வருவனவும் தண்டுவடத்தில் அடுத்தடுத்த இடங்களில் வந்து சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய இயலுவதில்லை. அதனால்தான் இதயத்தின் வேதனை நடுமார்பில் பாரமாகவும், இடது கையில் குடைச்சலாகவும், தாடையில் வலியாகவும், மேல்வயிற்றில் பொருமலாகவும் வேடமிட்டு வருகிறது. உடன் வியர்க்கும், குமட்டும், மூச்சு முட்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும், முதியவர்களுக்கும், பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அயர்ச்சியும் மூச்சுத்திணறலுமாகவும் வரலாம். ஏப்பம் வந்ததும் சற்றுத் தணிந்ததுபோலத் தோன்றுவதும் உண்டு. அது எதற்கும் சான்றாகாது. தேர்ந்த மருத்துவர்கூட இசிஜி எடுக்காமல் முடிவு சொல்வதில்லை. முதல் இசிஜி ஒழுங்காக இருந்தாலும் ஐயம் தீராதபோது சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுக்கிறார்; இரத்தத்தில் டிரோபோனின் என்னும் புரதத்தைப் பார்க்கிறார். அவருக்கே இத்தனை தயக்கம். நமக்கோ ஒரே சொல்லில் தீர்ப்பு!

எங்கள் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டாதவர். ஒருநாள் மதிய உணவுக்குப் பின் மார்பு கனக்கிறது என்றிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் அன்போடு சோடா வாங்கித் தந்தனர்; ஒருவர் ஓமத்தண்ணீர் கொண்டுவந்தார்; மருந்துக்கடையில் வயிற்றுக்கென்று ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். நான் அன்று வெளியூரில் தேர்வுப் பணியில் இருந்தேன். எல்லாம் பின்னர் கேட்டறிந்ததுதான். மாலை ஆறு மணிக்கு ஆட்டோவில் ஏற்றும்போதும், 'வாயுதான் சார், ஏப்பம் வந்தா சரியாயிடும்' என்று அவரே மற்றவர்களைத் தேற்றியிருக்கிறார். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அழைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. வாயுவுக்கு யார் ஆம்புலன்ஸ் அழைப்பார்கள்?

நம் நோய்ப்பெயர்களில் பெரும்பாலானவை நோயாளி உணர்ந்ததையோ பிறர் கண்ணால் கண்டதையோ கூறுபவை. சாட்சியின் வாக்குமூலம் போன்றவை. அந்த அளவில் மதிப்பு மிக்கவை. வாக்குமூலத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போதுதான் விபரீதம் நேர்கிறது என்பது என் துணிபு.

'இரத்தக் கொதிப்பு' என்பதைப் பாருங்கள். இச்சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழும் சித்திரம் என்ன? கோபக்காரர் ஒருவர், சிவந்த முகம், புடைத்த நரம்பு. அன்றாடப் பேச்சிலும் 'பிரஷர் ஏத்தாதே' என்றால் கோபமூட்டாதே என்றுதான் பொருள். உண்மையில் உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை. சாந்த சொரூபியாய் வலம்வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் அது இருக்கும். கருவி கொண்டு அளந்தாலன்றித் தெரியவே தெரியாது. ஓய்வாக அமர்ந்த நிலையில் பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நிற்குமானால் நோயென்று கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. வயது, பரம்பரை, உடற்பருமன், மது, உப்பு என்று பலவும் சேர்ந்து செய்யும் வேலை அது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புக் கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருப்பவற்றைக் கணக்கில் எடுத்தால் நம்மில் பலர் அந்த எல்லையைக் காலையிலேயே கடந்துவிடுவோம்.

'கொதிப்பு' என்ற சொல் செய்யும் தீங்கு மாத்திரை விஷயத்தில் வெளிப்படுகிறது. கொதித்தால்தானே தணிக்க வேண்டும்? தலைசுற்றினால் ஒன்று போட்டுக்கொள்வது, 'இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று நிறுத்திவிடுவது என்று படித்தவர்களே செய்கிறார்கள். அழுத்தம் இயல்பாக இருப்பதே மாத்திரையின் பலனால்தான் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுவாசலுக்கே வந்தது. வாசலில் வந்த மாத்திரை வாய்க்குள் போக வேண்டுமானால், அது எதற்கு என்ற விளக்கமும் கூடவே வரவேண்டுமல்லவா?

இவ்வாறு கவனியாமல் விட்ட அழுத்தம் சென்று முடியும் இடங்களில் ஒன்று பக்கவாதம். இங்கே 'வாதம்' என்ற விகுதி இன்னொரு குழப்பத்தைச் செய்கிறது. பக்கவாதம், முடக்குவாதம், முகவாதம், இளம்பிள்ளைவாதம். கேட்பதற்கு உடன்பிறந்தவர்கள்போல ஒலிக்கும் இந்நான்குக்கும் உறவே கிடையாது. முதலாவது மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது. இரண்டாவது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவது. மூன்றாவது முகத்துக்குரிய ஒரே நரம்பின் வீக்கம். நான்காவது ஒரு வைரஸின் வேலை. 2014இல் இந்தியாவிலிருந்து ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் பெயர் ஒன்றானதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது: எண்ணெய் தேய்த்து நீவுதல். புறாவின் இரத்தத்தைப் பூசும் வழக்கமும் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. முகவாதம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும் இயல்புடையது. அதைக் 'குணப்படுத்தியவர்' என்று பேரெடுத்தவரிடமே பக்கவாத நோயாளியையும் தூக்கிச் செல்கிறார்கள். மூளையில் அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு. வாய் ஒருபுறம் கோணினால், தூக்கிய கை தானே தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் விரைய வேண்டும்.

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். அம்மரபில் வாதம் என்பது வயிற்றுக்காற்று அன்று. உடலின் இயக்கம் அனைத்துக்கும் ஆதாரமான ஒரு தத்துவம். வாத பித்த கபம் என்னும் மூன்றையும் உள்ளடக்கிய நோக்கு குறளின் மருந்து அதிகாரத்திலேயே இருக்கிறது. அந்த நுட்பமான கருத்து தேய்ந்து தேய்ந்து, சோடா குடித்தால் போகக்கூடிய ஒன்றாகச் சிறுத்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். அதே அதிகாரம் நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராயச் சொல்கிறது. மருத்துவமனைச் சுவர்களில் அக்குறளை எழுதிவைத்திருக்கிறோம். நடுவிலுள்ள படியை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

மஞ்சள் காமாலையில் இக்குதிப்பு வெளிப்படையாகவே தெரிகிறது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி. அத்துடன் உப்பில்லாப் பத்தியம். ஆனால் மஞ்சள் என்பது நோயன்று, பிலிருபின் என்னும் நிறமி இரத்தத்தில் மிகுந்துவிட்டது என்பதற்கான கொடி. அசுத்த நீரால் பரவும் ஏ, ஈ வகைக் கல்லீரல் அழற்சிகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணியும் (ஈ வகை கர்ப்பிணிகளுக்கு மிக ஆபத்தானது). இரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும், உடலுறவாலும் பரவும் பி வகை சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கல்லீரலைச் சுருக்கிவிடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் மஞ்சள்தான். கணையத்தில் புற்று வந்தாலும் மஞ்சள்தான். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். கீழாநெல்லியைப் பற்றிய ஆராய்ச்சி நடக்காமலில்லை. சென்னை ஆய்வாளர்கள், பி வகை வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் இணைந்து, 1988இல் லான்செட் இதழில் மிக நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. இம்மூலிகையின் பெருமையைப் பேசுவோர் 1988ஐச் சொல்வார்கள். பிறகு நடந்ததைச் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் ஆங்கிலப் பெயர்களே மேல் என்று முடிவு கட்டலாமா? கூடாது. 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். அதுவும் ஒரு வாயுதான்! 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டபின்பும் பெயர் மாறவில்லை, பொருள் மாறியது. இன்று மலேரியா என்று கேட்டவுடன் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் கொசு என்கிறான். பள்ளிப்பாடம் காரணத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. சொல் தன் பழைய பொருளை உதறிவிட்டது. ஆகவே புதுச்சொல் ஆக்கிக் குவிப்பதில் எனக்கு ஆர்வமில்லை (அது எம் துறையினரின் இனிய பொழுதுபோக்கு என்பதை அறிவேன்). இருக்கிற சொல்லுக்குள் காரணத்தை ஏற்றிவைக்க வேண்டும். அதற்கு மருத்துவர் வாய்திறந்து தமிழில் நான்கு வாக்கியங்கள் பேசவேண்டும்.

அது இயலாத காரியமன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்தில் கற்பித்து, பின்னர் தமிழுக்கே மாறினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு முதலிய நூல்களை மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். தமிழில் கற்றவர்கள் ஊரிலேயே தங்கி மக்களுக்குப் பயன்படுவார்கள் என்பது அவர் எண்ணம். அவருடைய கலைச்சொற்களில் வடமொழி வாடை தூக்கல்தான். ஆனால் நோயாளியின் மொழியில் மருத்துவரைப் பேசவைத்தார். நம் மருத்துவக் கல்லூரிகள் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். அது வேறு வழக்கு. நோயாளியிடம் பேசும் அந்த ஐந்து நிமிடத்துக்காவது தமிழைப் பயிற்றுவிக்கலாம்.

கேட்கவும் பயிற்றுவிக்கலாம். வலியைக் குறிக்கத் தமிழில் உள்ள சொல்வளம் மருத்துவக் குறிப்பேட்டில் ஏறுவதே இல்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, பிசைகிறது, அழுத்துகிறது, இறுக்குகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. நோயாளி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சொல்கிறார். குறிப்பேட்டில் அனைத்தும் 'பெயின்' என்றே விழுகின்றன. மூச்சை இழுக்கும்போது மட்டும் 'குத்துவது' பெரும்பாலும் தசையோ நுரையீரல் உறையோ சார்ந்தது. 'அழுத்துவதும்' 'இறுக்குவதும்' இதயத்தை நினைக்கச் செய்பவை. வேறுபாட்டை நோயாளியின் நாக்கு ஏற்கெனவே அறிந்திருக்கிறது. 'வாயு' என்று சொல்லி வருபவரிடம், 'வாயு இருக்கட்டும், மார்புக்குள் என்ன செய்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சரியான சொல் வந்துவிடும்.

இவ்வாண்டு முதுகலை மாணவர்களிடம் அவரவர் ஊரில் வழங்கும் வலிச்சொற்களைத் தொகுக்கச் சொல்லியிருக்கிறேன். அகராதியில் உள்ளவை வேண்டாம், பாட்டிகளிடம் கேட்டு வாருங்கள் என்பது நிபந்தனை. தொகுப்பு முடிந்ததும் ஒரு படியை எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன்.