ஆயிரத்தில் ஒன்று!

போனில் பாட்டுக் கேட்கும்போது அதன் அட்டைப்படம் தபால்தலை அளவுக்குத்தான் தெரிகிறது. அந்த அட்டைக்காகவே இசைத்தட்டு தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?

1988 நவம்பர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'சப் பாப்' என்ற சின்ன இசை நிறுவனம் ஒரு சந்தாத் திட்டம் தொடங்கியது. முன்கூட்டியே பணம் கட்டினால், மாதம் ஒரு இசைத்தட்டு வீடு தேடி வரும்.

அதில் முதலில் வந்தது, அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத 'நிர்வானா' குழுவின் 'லவ் பஸ்'. 7 அங்குலத் தட்டு. உறையில் ஆலிஸ் வீலர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கையால் வரிசை எண் எழுதியவை 1,000 பிரதிகள்தான்.

1991-ல் 'நெவர்மைண்ட்' ஆல்பம் அந்தக் குழுவை உலகறியச் செய்தது. அந்த ஆயிரத்துக்கும் மவுசு கூடியது, போலிகளும் கிளம்பின.

இன்று அந்தப் பாட்டை யாரும் நொடியில் கேட்கலாம். சேகரிப்பவர்கள் தேடுவது அந்த எண்ணையும் உறையையும்தான். உறை கிழிந்தால் மதிப்பும் குறைந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் இசைத்தட்டுகள் இருக்கின்றனவா? உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல நிற்க வையுங்கள். தட்டின் வட்டம் அட்டையில் பதியாது. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் படமும் வெளுக்காது!