கூரை இல்லாத காருக்கு ஃபில்டர் எதற்கு?

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாக சிவகாசி போகிறவர்களுக்கு கரிசல் மண் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரோட்டில் கூரையை மடக்கிக்கொண்டு ஒரு கார் போனால்? 2020-ல் வந்த மஹிந்திரா தாரில் துணிக்கூரையை மடக்குகிற மாடல் இருந்தது. ஆக, இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. அப்படிப்பட்ட காருக்கு கேபின் ஏர் ஃபில்டர் மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். சில நூறு ரூபாய் சமாச்சாரம். காகிதத்தை மடித்து மடித்து வைத்தது போல இருக்கும். ஏசி உறிஞ்சும் காற்றில் வரும் தூசியைப் பிடிக்கும். (சில சின்னக் கார்களில் அதற்கான இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. கம்பெனிக்காரர்களின் சிக்கனம்!) கந்தக நெடி வந்தால் சாதாரண ஃபில்டர் ஒன்றும் செய்யாது. கரி சேர்த்தது வாங்க வேண்டும், அதுவும் ஓரளவுக்குத்தான். கூரையைத் திறந்துவிட்டால் எல்லாமே வீண். காற்று ஃபில்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டா உள்ளே வரும்? திறந்த காரில் ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் ஓட்டுகிறவரின் மூக்கு.

இதே கணக்குதான் பட்டாசு ஆலைக்கும். மருந்து அறையில் அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு எல்லாம் பறக்கும். ஃபேன் போட முடியாது, ஒரு பொறி போதும். தப்பி ஓட வசதியாகக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். அதுவும் ஒரு கூரை திறந்த கார் மாதிரிதான். மூக்கில் பல பேருக்கு ஒரு துண்டுத் துணி, அவ்வளவே.

பட்டாசுப் புகைக்கு எதிராக 2015-ல் டெல்லியில் சின்னக் குழந்தைகளின் பெயரில் வழக்கு போட்டார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் வெடிக்கிற இடத்துக் காற்றுக்குக் கிடைத்த கவனம், மருந்து கலக்குகிற இடத்துக் காற்றுக்குக் கிடைத்ததா? என்95 மாஸ்க்கை ஆலையே கொடுக்கலாமே, விலை ஒன்றும் பெரிதில்லை.

கொடுத்தால் மட்டும் போட்டுக்கொள்வார்களா என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மே மாத வெயிலில், பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர் மாஸ்க்கைக் கழற்றி எறியத்தான் செய்வார். மூச்சு வாங்கினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அதனால் மாஸ்க்கோடு சேர்த்து, வெளியே வந்து முகம் கழுவித் தண்ணீர் குடிக்க நடுநடுவே பத்து நிமிடமும், அந்தப் பத்து நிமிடத்துக்கான கூலியும் கொடுக்க வேண்டியிருக்கும்.