தீர்ப்பு வருமுன் எனக்குத் தண்டனை கொடுத்தவர்களே

என் வழக்கு இன்னும் சாட்சி விசாரணையில்தான் இருக்கிறது. ஆனால் ஊர் எனக்கான தண்டனையை எப்போதோ கொடுத்து முடித்துவிட்டது. கொழுந்தனார் மகள் கல்யாணத்தில் நான் தூக்கிய வரிசைத் தட்டை வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்தார்களே, அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு? என் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள், வழக்கு விஷயம் காதில் விழுந்ததும் தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொண்டார்களே, அதற்கு நான் எந்தக் கோர்ட்டில் அப்பீல் போடுவது?

டெல்டா பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். நகைக் கடன் பிரிவு. மதிப்பீட்டாளர் நகையை உரசிப் பார்த்து எடை சொல்வார். அவர் சொன்னதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். செயலாளர் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவார். அந்தச் சாவி ஒருநாளும் என் கைக்கு வந்ததில்லை. 2019இல் தணிக்கைக்கு வந்தவர்கள் பைகளைப் பிரித்தபோது சிலவற்றில் கவரிங் இருந்தது. புகார் கொடுத்தவர் செயலாளர். சாவி வைத்திருந்தவர் முதல் சாட்சி, பேனா பிடித்த நான் இரண்டாம் எதிரி!

கூப்பிட்டபோதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஓடினேனா? ஒளிந்தேனா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கைது செய்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். அதனால் நாலு மணி. சனி ஞாயிறு ஜாமீன் மனு விசாரணைக்கு வராது. அதனால் வெள்ளிக்கிழமை. இது சட்டம் தெரியாமல் செய்த காரியம் இல்லை, தெரிந்தே செய்தது. என் மேல் போட்டவை இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் 408, 420, 477ஏ. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, கைது ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும், அவசியம் இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குமா தெரியாது?

மறுநாள் பேப்பரில் என் போட்டோ வந்தது. ரேஷன் கடையில், பள்ளிக்கூட வாசலில், என் மகன் படித்த கல்லூரி விடுதியில் எல்லோரும் பார்த்தார்கள். நாளைக்கு நான் விடுதலையானால் அதே பக்கத்தில் அதே அளவில் என் போட்டோவைப் போடுவீர்களா?

எனக்கு ஆறாத புண் வேறு ஒன்று இருக்கிறது. சங்கத்தில் என் பக்கத்து மேசைக்காரி. பெயர் சொல்ல மாட்டேன். என் மகள் பெரிய மனுஷி ஆனபோது முதல் ஆளாக வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியது என் வீட்டில். மத்தியானச் சாப்பாட்டை அவள் டப்பாவில் பாதி, என் டப்பாவில் பாதி என்றுதான் தின்றோம். சாவி யாரிடம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் குற்றப்பத்திரிகை நகலைப் புரட்டினால் அவள் அரசுத் தரப்புச் சாட்சி. பெட்டக அறைக்கு நான் அடிக்கடி போவேன் என்று அவள் வாக்குமூலம். என்னடீ சொன்னே? யார் சொல்லச் சொன்னது? வேலை போய்விடும் என்ற பயமா? என் முகம் ஒரு நிமிஷம் கூடவா உன் கண் முன்னால் வரவில்லை?

அதைக்கூட அவளிடம் நான் கேட்க முடியாது. சாட்சிகளைச் சந்திக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. நிபந்தனையில் நியாயம் இருக்கலாம். ஆனால் என் வழக்கில் சாட்சிகள் யார்? இத்தனை வருஷம் நான் கூடப் பழகிய மனிதர்கள் அத்தனை பேரும்! பேசினால் ஜாமீன் ரத்தாகும். காய்கறிக் கடையில் அவள் நின்றால் நான் தெரு மாறிப் போகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குற்றவாளி முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாள் என்றுதானே?

வக்கீல் ஒன்று சொன்னார். "கேஸ் பத்தி யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்கம்மா. நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்கே திரும்பும்." அவர் சொன்னது சரி. ஆனால் நெஞ்சில் இருப்பதை எங்கே கொட்டுவது? வீட்டுக்காரரிடம் அழுதால் அவர் திண்ணைக்குப் போய் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது. போன் அடித்தால் உள்ளங்கை வேர்க்கிறது. காக்கிச் சட்டை தெருவில் போனால் வயிறு கலங்குகிறது. ஜுரம் வந்தால் ஆயிரம் பேர் மருந்து சொல்கிறீர்களே, இதற்கு என்ன மருந்து என்று ஒருவர் சொன்னீர்களா?

செத்துப்போகலாம் என்று நினைத்த இரவுகள் உண்டு. குற்றம்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் அவர் மீதான வழக்கு அத்தோடு முடிந்துவிடும். தீர்ப்பு வராது. அப்படியென்றால் என் பெயர் எந்தக் காலத்திலும் கழுவப்படாது, பழி மட்டும் என் பிள்ளைகள் தலையில் நிற்கும். அந்த ஒரு எண்ணம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பிறகு ஒரு ராத்திரி 14416க்குப் போன் போட்டேன். டெலிமானஸ் என்று அரசாங்கம் 2022இல் தொடங்கிய மனநல உதவி எண். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. நீ செய்தாயா என்று அது கேட்கவே இல்லை. தூங்குகிறாயா, கூட யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டது. அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். இதையும் சொல்லக் கூடாதா? சொல்வேன். நான் செய்யாத குற்றத்துக்காகவே வெட்கப்படவில்லை, இதற்கா வெட்கப்படுவேன்?

இந்த வாய்தா என்பது என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையிலேயே போய் வராந்தாவில் நிற்க வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிடுவார். ஓடிப் போய் நின்றால் சாட்சி வரவில்லை என்பார்கள். இன்னொரு நாள் நீதிபதி விடுப்பு, இன்னொரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். சாட்சி வராவிட்டால் தேதி மாறும், நான் வராவிட்டால் பிடிவாரண்டு. என் அம்மா செத்த அன்றைக்கும் வாய்தா. அம்மா உடம்பு கூடத்தில் கிடக்க, நேரில் வர விலக்குக் கேட்கும் 317 மனு போட வக்கீலுக்குப் போன் செய்தேன். படுக்கையில் விழுந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "கேஸு முடிஞ்சிருச்சா பாப்பா?" விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று ஹுசைனாரா கத்தூன் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994இல் உளவு வழக்கில் பிடித்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று 1996லேயே சிபிஐ சொன்னது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2018இல். அவ்வளவு பெரிய படிப்பாளிக்கே அத்தனை வருஷம் என்றால், நகைக் கடன் எழுத்தருக்கு? பொய்யாக வழக்கில் மாட்டி வதைபட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனி ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் சொன்னது. காரணமில்லாமல் ஒருவரைப் போலீஸ் கைது செய்யும்படி செய்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடிய இழப்பீட்டுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உச்சவரம்பு 1000 ரூபாய். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. அதிலும் அதே 1000 ரூபாய்தான். பெண்ணின் மானத்துக்கும் தூக்கத்துக்கும் நீங்கள் போட்ட விலை அதுதானா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அது. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. கைதான அன்று இதை எங்களுக்கு ஒருவர் சொல்லியிருந்தால் என் தாலிக்கொடி விற்றுப்போயிருக்காது. அதனால்தான் நான் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நான் குற்றமற்றவள் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அதைக் கோர்ட் சொல்லட்டும். கோர்ட் சொல்லும் வரைக்கும் நீங்களும் சொல்லாமல் இருங்கள். உங்கள் தெருவில் என்னைப் போல ஒருத்தி, ஒருத்தன் நிச்சயம் இருப்பார்கள். தனியாகத்தான் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருப்பார்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேளுங்கள். அன்றைக்கு ஒருநாள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் கூடப் போய் அந்த வராந்தாவில் நில்லுங்கள்.